கால் நிற்கும் பாலம் கேட்போம்

(திருகோணமலை, உப்புவெளியில் நடைபெற்ற தோட்டத் தலைவர்கள், தலைவியருக்கான இரண்டு நாள் வதிவிடப் பயிற்சி முகாமில் சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை. முகாமுக்கு வர முடியாத உறுப்பினர்களுக்காக எழுத்தில் தருகிறோம். பெரட்டுக்களத்திலும் மாதர் சங்கக் கூட்டத்திலும் வாசித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறோம்.)

அன்பான தலைவர்களே, தலைவியரே, தாய்மார்களே, தோழர்களே,

மலையிலிருந்து இறங்கி, இரவெல்லாம் பஸ்ஸில் வந்து, கந்தளாய் தாண்டியதும் வெயில் முகத்தில் அடிக்க, இந்தக் கடற்கரைக்கு வந்து சேர்ந்திருக்கிறோம். நம்மில் சிலர் கடலையே இப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறார்கள். இந்த மாவட்டம் நமக்கு அந்நியமான இடம் அல்ல. 1977 கலவரத்துக்குப் பிறகு மலையை விட்டு வெளியேறிய நம் சொந்தங்களில் ஒரு பகுதியினர் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போனது போல திருகோணமலைப் பக்கமும் வந்து குடியேறினார்கள்.

சம்பளம், சேமலாப நிதி, காணி உரிமை என்று நேற்று முழுவதும் கதைத்தோம். இன்று காலை நமக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் விஷயம் அதைவிடச் சின்னது போலத் தெரியும். பாலத்தைப் பற்றிப் பேசப்போகிறோம். பாலம் இருக்கிறதா இல்லையா என்பது அல்ல கேள்வி. அந்தப் பாலத்தின் மேல்தளம் வழுக்குகிறதா இல்லையா என்பதுதான் கேள்வி. இதைக் கேட்டு சிரிக்க வேண்டாம். நாங்களும் ஒரு காலத்தில் இதைப் பெரிதாக எடுக்காதவர்கள்தான்.

முதலில் நம்முடைய பிழையைச் சொல்லிவிடுகிறோம். நம் சங்கத்தின் கிளை உள்ள ஒரு தோட்டத்தில், மேல் கணக்குக்கும் லயத்துக்கும் நடுவே ஓர் ஆறு ஓடுகிறது. அதன் மேல் பழைய மரப்பாலம் ஒன்று கிடந்தது. பலகை உக்கிப் போய், இரண்டு இடத்தில் ஓட்டை. கிளைக் கூட்டத்தில் பல தடவை தீர்மானம் எழுதினோம், கடிதம் கொடுத்தோம், ஒரு நாள் வேலைக்குப் போகாமல் பெரட்டுக்களத்தில் உட்கார்ந்தோம். கடைசியில் தோட்ட நிர்வாகம் இரும்பில் புதுப்பாலம் போட்டுத் தந்தது. திறப்பு நாளன்று நாங்கள் மாலை போட்டுக்கொண்டு போய் நாடா வெட்டினோம். படமும் எடுத்தோம். பச்சை நிற மை பூசிப் பளபளவென்று இருந்தது. யாரும் குனிந்து அந்தத் தகட்டைக் கையால் தொட்டுப் பார்க்கவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு காலை, நம் உறுப்பினர் ஒருவர், மூன்று பிள்ளைகளின் தாய், முதல் நிறுவைக்கு ஈரக் கொழுந்தைச் சுமந்துகொண்டு அந்தப் பாலத்தில் வந்தார். பாலத்தின் நடுவே கால் வழுக்கியது. நெற்றியில் கயிறு இருந்ததால் சுமை அவரைப் பின்னுக்கு இழுத்தது. கையை ஊன்ற முடியவில்லை. இடுப்பெலும்பு உடைந்தது. ஆற்றில் விழவில்லை, அது ஒன்றுதான் அதிர்ஷ்டம். அவரை வைத்தியசாலையில் போய்ப் பார்த்தபோது அவர் எங்களிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "புதுப்பாலம் கேட்டீங்க தலைவரே, கால் நிக்கிற பாலமா கேட்டீங்களா?"

எங்களிடம் பதில் இல்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தேடியதில் நாங்கள் கற்றுக்கொண்டதைத்தான் இப்போது உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

ஏன் வழுக்குகிறது?

நாம் நடக்கும்போது ஒரு காலின் குதி முன்னால் தரையில் படுகிறது. அந்த நொடியில் காலுக்கும் தரைக்கும் இடையே பிடிப்பு இருக்க வேண்டும். உலர்ந்த தரையில் அது தானாகவே கிடைக்கிறது. மழை பெய்தால் தரையின் மேல் மெல்லிய நீர்ப்படலம் ஒன்று நிற்கிறது. தரை சொரசொரப்பாக இருந்தால் அதன் சின்னச் சின்ன மேடுகள் அந்த நீரைக் கிழித்துக்கொண்டு பாதத்தைத் தொடும். தரை வழவழப்பாக இருந்தால் பாதம் தண்ணீரின் மேல்தான் நிற்கும். தண்ணீரோடு பாசியும் சேர்ந்துவிட்டால் சொல்லவே வேண்டாம்.

இது எல்லா மனிதருக்கும் பொது. நமக்கு இன்னும் சில கஷ்டங்கள் சேர்ந்திருக்கின்றன. முதலாவது சுமை. முதுகில் பத்துப் பதினைந்து கிலோ ஈரக் கொழுந்து இருக்கும்போது உடம்பின் நிறை பின்னுக்குப் போகிறது. கொஞ்சம் வழுக்கினாலும் திரும்ப நிமிர்ந்து நிற்க முடியாது. இரண்டாவது, கால். நம்மில் பலர் வெறுங்காலோடு போகிறோம், அல்லது அடி தேய்ந்த ரப்பர் செருப்போடு போகிறோம். அட்டைக்குப் பயந்து காலில் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டு போகும் வழக்கமும் நம்மிடம் இருக்கிறது. அந்தக் காலோடு நனைந்த இரும்புத் தகட்டில் ஏறினால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். மூன்றாவது அவசரம். பெரட்டுக்குப் பிந்தினால் அரைப் பேர் போய்விடும் என்ற பயத்தில் ஓடுகிறோம். நான்காவது இருட்டு. விடிவதற்கு முன்பே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பிள்ளை மடுவத்துக்குப் போகும் தாய்க்குப் பாலத்தில் பாசி படிந்திருக்கிறதா என்று தெரியாது.

ஆகவே "கவனமாக நடந்திருக்க வேண்டும்" என்று யாராவது சொன்னால், அதற்கு நாம் சொல்ல வேண்டிய பதில் இதுதான்: கவனம் எங்களுடைய கடமை, பிடிப்புள்ள தளம் உங்களுடைய கடமை. நீர்ப்படலத்துக்கு எங்கள் கவனம் தெரியாது.

இது நம் தோட்டத்துக் குறை மட்டுமா?

இல்லை. வெளிநாட்டில் பெரிய பெயர் பெற்ற பாலங்களிலும் இதே பிழை நடந்திருக்கிறது. இத்தாலியில் வெனிஸ் என்று ஒரு நகரம். தெருவுக்குப் பதிலாகக் கால்வாய்கள் ஓடும் ஊர். அங்கே 2008ஆம் ஆண்டு உலகப் புகழ் பெற்ற கட்டடக் கலைஞர் சன்டியாகோ கலட்ராவா வடிவமைத்த பாலம் திறக்கப்பட்டது. படிகளில் கண்ணாடி பதித்திருந்தார்கள். மழையிலும் பனிமூட்டத்திலும் அந்தக் கண்ணாடியில் ஆட்கள் வழுக்கி விழுந்து காயப்பட்டார்கள். கடைசியில் கண்ணாடியை எடுத்துவிட்டுக் கல் பதிக்க நகரசபை முடிவெடுத்தது. அதே கலைஞர் ஸ்பெயினில் பில்பாவோ நகரத்தில் கட்டிய நடைபாலத்துக்கும் கண்ணாடித் தளம்தான். அங்கேயும் மழையில் வழுக்கியதால் மேலே விரிப்பு போட வேண்டியதாயிற்று.

இதிலிருந்து நமக்கு என்ன பாடம்? கோடிக் கணக்கில் செலவழித்தும், பெயர் பெற்றவர் வரைந்தும், மேல்தளத்தை யோசிக்காவிட்டால் பாலம் ஆளை விழுத்தும். அங்கே விழுந்தவர்கள் பேசினார்கள், பத்திரிகைகள் எழுதின, தளம் மாறியது. இங்கே விழுந்தால் "கால் தவறி விழுந்தார்" என்று ஒரு வரியோடு முடிகிறது.

இன்னொன்றையும் பாருங்கள். இந்த விடுதியின் நீச்சல் தடாகத்தைச் சுற்றி என்ன கல் பதித்திருக்கிறார்கள் என்று நேற்றுப் பின்னேரம் கவனித்தீர்களா? சொரசொரப்பான கல். ஈரக் காலோடு நடக்கும் விருந்தினர் விழக்கூடாது என்று அப்படிப் போட்டிருக்கிறார்கள். உள்ளே சாப்பாட்டு அறையில் வழவழப்பான கல். எந்த இடத்துக்கு எந்தத் தளம் என்ற அறிவு நாட்டில் இல்லாமல் இல்லை. அந்த அறிவு தோட்டத்து ஆற்றங்கரை வரை வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

இந்த மாவட்டம் சொல்லும் பாடம்

நேற்று உங்களில் சிலர் கிண்ணியாப் பாலத்தைப் பார்த்துவிட்டு வந்தீர்கள். 396 மீற்றர் நீளம். சவூதி அரேபிய நிதியுதவியோடு கட்டி 2009 ஒக்டோபரில் திறந்தார்கள். அதற்கு முன் அந்தப் பக்கத்துச் சனம் பாதை என்று அழைக்கப்படும் மிதவையில் ஏறித்தான் அக்கரைக்குப் போக வேண்டும். மூதூர், வெருகல் பக்கம் போகிறவர்களுக்கு இப்படி ஒன்றல்ல, பல துறைகள். பாலம் வந்த பிறகுதான் நோயாளி நேரத்துக்கு வைத்தியசாலைக்குப் போனார், பிள்ளை நேரத்துக்குப் பாடசாலைக்குப் போனது.

அதே கிண்ணியாவில் குறிஞ்சாக்கேணி என்ற இடம் இருக்கிறது. அங்கே பாலம் திருத்தி அமைக்கும் வேலை நடந்துகொண்டிருந்தபோது, சனங்கள் கடந்து போவதற்குத் தற்காலிக மிதவை ஒன்று ஓடியது. 2021 நவம்பர் 23ஆம் திகதி காலை, பாடசாலைக்குப் போகும் நேரத்தில், அந்த மிதவை கவிழ்ந்தது. பிள்ளைகள் உட்பட ஆறு பேர் அன்று உயிரிழந்தார்கள். பாலம் கட்டுகிறோம் என்று சொன்னவர்கள், கட்டி முடியும் வரை சனம் எப்படிக் கடக்கும் என்பதைச் சரியாக யோசிக்கவில்லை.

இதை ஏன் இங்கே சொல்கிறோம்? பாலம் என்றால் தூணும் பாரம் தாங்கும் சட்டமும் மட்டும் அல்ல. கட்டும்போது மாற்றுவழி, கட்டிய பின் கைபிடி, நடக்கும் தளம், வெளிச்சம், பராமரிப்பு எல்லாம் சேர்ந்ததுதான் பாலம். இதில் எது குறைந்தாலும் விலை கொடுப்பவர்கள் ஏழைகளும் அவர்களுடைய பிள்ளைகளும்தான்.

இதைப் பேச இதைவிடப் பொருத்தமான காலம் இல்லை. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் மலையகத்தில் பாதைகளையும் பாலங்களையும் அடித்துக்கொண்டு போனதை நாம் கண்ணால் கண்டோம். போன பாலங்கள் திரும்ப வர வேண்டும். வரைபடம் வரையும்போதே கேட்டால் தளத்தைச் சரியாகப் போடுவதற்கு ஏறக்குறைய மேலதிகச் செலவே கிடையாது. கட்டி முடிந்த பிறகு கேட்டால் "அடுத்த வருஷம் பார்ப்போம்" என்பார்கள்.

எந்தப் பாலத்துக்கு என்ன செய்யலாம்?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம். குறித்துக்கொள்ளுங்கள். நிர்வாகத்தோடு பேசும்போது "பாலம் வழுக்குகிறது" என்று மட்டும் சொன்னால் "மழை பெய்தால் வழுக்கத்தானே செய்யும்" என்பார்கள். என்ன செய்ய வேண்டும் என்று நாமே சொன்னால் மறுப்பது கஷ்டம்.

மரப்பாலம். பலகைகள் நடக்கும் திசைக்குக் குறுக்காக இருக்க வேண்டும். பலகைக்கும் பலகைக்கும் நடுவே ஒரு சிறு விரல் அளவு இடைவெளி விட்டால் தண்ணீர் கீழே இறங்கிவிடும். அதைவிட அகலமானால் பிள்ளைகளின் கால் மாட்டும். பாலம் சரிவாக இருந்தால் ஓர் அடிக்கு ஒன்றாகக் குறுக்குச் சட்டம் அடிக்க வேண்டும். பலகை உக்காமல் இருக்கட்டும் என்று சில இடங்களில் பழைய எஞ்சின் எண்ணெயைப் பூசுகிறார்கள். அது ஆபத்து. எண்ணெய் ஊறிய பலகை மழையில் சவர்க்காரம் போலாகும். அதற்குப் பதிலாகத் தாரை மெல்லிதாகப் பூசி, சூடு ஆறுமுன் கூர்மையான மணலைத் தூவி அழுத்தலாம். கோழிக்கூட்டு வலையைப் பலகையின் மேல் இழுத்து அடிப்பதும் ஒரு வழி. செலவு குறைவு, பிடிப்பும் கிடைக்கும். ஆனால் வலை அறுந்துவிட்டால் கம்பி முனை காலைக் கிழிக்கும், தடுக்கியும் விழுத்தும். ஆகவே வலை அடித்தால் மாதம் ஒரு தடவை பார்த்தே ஆக வேண்டும்.

கொங்கிரீட் பாலம். நம்முடைய மேசன்மாருக்கு ஒரு பெருமை இருக்கிறது. சீமெந்துப் பால் பூசி, கரண்டியால் தேய்த்து, முகம் தெரிகிற மாதிரி ஆக்கிவிடுவார்கள். வீட்டுக்குள்ளே அது அழகு. பாலத்தில் அது கேடு. கொங்கிரீட் போட்டு மேலே நிற்கும் தண்ணீர் வற்றியதும், அது இறுகுவதற்கு முன், முரட்டுத் தும்புத்தடியால் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு இழுத்தால் போதும். கோடு நடக்கும் திசைக்குக் குறுக்காக விழ வேண்டும். அதற்குத் தும்புத்தடியும் பத்து நிமிஷமும்தான் செலவு. தளம் நடுவில் குழிந்து தண்ணீர் தேங்கக்கூடாது. ஓரத்துக்குச் சிறு வாட்டம் வைத்து, தண்ணீர் இறங்கத் துளை விட வேண்டும். ஏற்கெனவே வழவழப்பாகப் போட்டுவிட்டார்களா? உளியால் கொத்தி விடலாம், அல்லது வெட்டும் இயந்திரத்தால் குறுக்குக் கோடு போடலாம்.

இரும்புப் பாலம். எல்லாவற்றிலும் மோசமானது மை பூசிய வெறும் தகடு. நம் உறுப்பினர் விழுந்தது அதில்தான். மேடு மேடாகப் பூ வேலை வைத்த தகடு கொஞ்சம் நல்லது. அதுவும் தேய்ந்துவிட்டால் ஈரத்தில் வெறும் தகடு மாதிரித்தான். மிக நல்லது பல் வைத்த இரும்புச் சட்ட வலை. தண்ணீரும் சேறும் கீழே விழுந்துவிடும், பாசி படியவும் இடம் குறைவு. இருக்கும் தகட்டைத் திருத்த இரண்டு வழிகள். ஒன்று, மெல்லிய இரும்புக் கம்பியைக் குறுக்குக் குறுக்காக ஒட்டி வெல்டிங் செய்வது. இரண்டு, துருவையும் எண்ணெயையும் நன்றாகச் சுரண்டிக் கழுவி, உலர்த்தி, மை பூசி, அது காயுமுன் உலர்ந்த கூர்மணலைத் தூவி, காய்ந்த பின் மேலே இன்னொரு பூச்சுக் கொடுப்பது. உருண்டையான ஆற்று மணல் சரிவராது. உடைத்த கல்லின் மணல்தான் பிடிக்கும். இந்த உப்புவெளி போன்ற கடற்கரையில் உப்புக்காற்று இரும்பைச் சீக்கிரம் தின்றுவிடும், ஆகவே இங்கே பூச்சைப் பார்க்கும் வேலை இன்னும் அடிக்கடி வரும்.

ஒரு விஷயத்தைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பூச்சில் ஒட்டிய மணல் பிடிப்புத் தரும். சும்மா கிடக்கும் மணல் வழுக்கும். கடற்கரை மணலோடு வந்து விடுதிப் படியில் கால் வைத்தபோது சிலருக்குச் சறுக்கியதே, அதுதான். ஆகவே "மணல் கொட்டியிருக்கிறோம்" என்று நிர்வாகம் சொன்னால் அதை ஏற்க வேண்டாம்.

பாலத்துக்கு ஏறும் வழி. பல பாலங்களில் வழுக்கலைக் கொண்டுவருவது நம் காலில் ஒட்டிய களிமண்தான். ஆகவே இரண்டு பக்கமும் சில அடி தூரத்துக்குக் கல் பதித்தால் மண் அங்கேயே உதிர்ந்துவிடும். பாலத்துக்கு மேலே கவிந்து நிற்கும் கிளைகளை வெட்டினால் வெயில் பட்டுப் பாசி குறையும். இரு பக்கமும் கைபிடி வேண்டும். பெரியவர்களுக்கு இடுப்புக்கு மேலே ஒன்று, பிள்ளைகளுக்குக் கீழே ஒன்று. கைபிடி இருந்தால் தளம் எப்படியும் இருக்கலாம் என்பதில்லை. சுமையோடு போகிறவருக்குக் கை ஒழிவதில்லை.

பாசி எடுப்பது. எவ்வளவு நல்ல தளமும் கழுவாவிட்டால் ஒரு மழைக்காலத்தில் வீணாகும். கம்பித் தூரிகையால் தேய்த்துக் கழுவும் வேலையை மழைக்கு முன் ஒரு தடவையும், மழைக்காலத்தில் மாதம் ஒரு தடவையும் செய்ய வேண்டும். ஹட்டன் பக்கம் மே மாதத்திலிருந்து தென்மேல் பருவமழை. ஊவாவிலும் இந்தக் கிழக்குக் கரையிலும் ஒக்டோபருக்குப் பிறகு வடகீழ் மழை. அந்தந்தத் தோட்டம் தன் மழைக்கு ஏற்ற நாட்காட்டியை வைத்துக்கொள்ள வேண்டும். இந்த வேலையை சிரமதானமாக நம் தலையில் கட்டுவதை ஏற்கக் கூடாது. கான் வெட்டுக்குப் பேர் போடுவது போல, கவ்வாத்துக்குப் பேர் போடுவது போல, பாலம் கழுவுவதற்கும் பேர் போட வேண்டும்.

எப்படிச் சோதிப்பது?

இதை அளப்பதற்கு ஒரு கருவி இருக்கிறது. ஊசல் போல ஆடும் கை, அதன் நுனியில் ரப்பர் துண்டு. நனைத்த தரையில் அது உரசிப் போகும்போது எவ்வளவு தடை வருகிறது என்று எண் காட்டும். பிரித்தானியாவில் அந்த எண் 36 அல்லது அதற்கு மேல் இருந்தால் வழுக்கும் அபாயம் குறைவு என்றும், 25க்குக் கீழே போனால் அபாயம் அதிகம் என்றும் கணக்கிடுகிறார்கள். பாலம் கட்டும் பொறியியலாளருக்கு இது தெரிந்த விஷயம்தான். "ஈரத்தில் சோதித்தீர்களா?" என்று நாம் கேட்டால், கேட்கிறவர்கள் விஷயம் தெரிந்தவர்கள் என்று அவருக்கும் புரியும்.

கருவி இல்லாவிட்டாலும் ஒரு வழி உண்டு. திறப்பு விழாவுக்கு முந்திய நாள் இரண்டு வாளித் தண்ணீரை ஊற்றுங்கள். ஒருவர் கைபிடியையும் பக்கத்தில் நிற்பவரையும் பிடித்துக்கொண்டு, தினமும் போடும் அதே செருப்போடு, சுமை இல்லாமல் மெதுவாகக் காலை வைத்து அழுத்தித் தள்ளிப் பார்க்கட்டும். கால் நழுவினால் நாடா வெட்டப் போகக் கூடாது. இனி நம் சங்கத்தின் எந்தத் தலைவரும் இந்தச் சோதனை செய்யாமல் எந்தப் பாலத்தின் திறப்பு விழாவிலும் மாலை வாங்குவதில்லை என்று நாங்கள் முடிவெடுத்திருக்கிறோம்.

யாரிடம் கேட்பது?

"அது எங்கள் பாலம் அல்ல" என்பது நாம் அதிகம் கேட்ட பதில். தோட்டத்திடம் போனால் பிரதேச சபை என்பார்கள், சபைக்குப் போனால் தோட்டம் என்பார்கள். பெரிய வீதிப் பாலம் என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபை, அல்லது மாகாண சபையின் வீதித் திணைக்களம். தோட்டத்துக்குள் வேலைக்குப் போகும் வழியில் இருப்பது நிர்வாகத்தின் பொறுப்பு. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனதோடு இந்தப் பாதைகளும் பாலங்களும் அவர்கள் கைக்குப் போயின.

பிரதேச சபையைப் பற்றி ஒன்று. நீண்ட காலம் "தோட்டத்துக்குள் செலவழிக்க எங்களுக்குச் சட்டத்தில் இடமில்லை" என்று சொன்னார்கள். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டினார்கள். நாம் வாக்குப் போட்டுத் தெரிவு செய்த சபையே நம் லயத்துப் பாதையைத் தொட முடியாத நிலை. 2018இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு, தோட்டங்களிலும் சபைகள் வேலை செய்ய வழி திறந்தது. இன்றும் பழைய பதிலைச் சொல்லும் சபை இருந்தால், நம் உறுப்பினர்கள் அந்தத் திருத்தத்தை எடுத்துக் காட்ட வேண்டும்.

தேயிலைத் தொழிற்சாலைக்குள் இருக்கும் தரை, படி, நடைவழி எல்லாம் 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்துக்குள் வருகின்றன. ஸ்டோரில் வேலை செய்பவர்கள் அதைச் சொல்லித் தொழில் திணைக்களத்திடம் முறையிடலாம். மலையில் இருக்கும் பாலத்துக்கு அந்தக் காவல் இல்லை. கொழுந்து பறிப்பவரின் காலுக்கும் ஸ்டோரில் நிற்பவரின் காலுக்கும் ஒரே மதிப்பு வேண்டும் என்று நாம் கேட்பது அதனால்தான்.

விழுந்துவிட்டால்?

நட்டஈடு பற்றி ஒவ்வொரு தலைவரும் மனதில் வைக்க வேண்டியது இது. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ், வேலையினாலும் வேலையின் போதும் ஏற்படும் காயத்துக்குத் தொழில் கொடுப்பவர் நட்டஈடு கொடுக்க வேண்டும். தொழிலாளி மது அருந்தியிருந்தார், பாதுகாப்புக் கட்டளையை வேண்டுமென்றே மீறினார், பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே கழற்றினார் என்பவைதான் விதிவிலக்குகள். "அவர் கொஞ்சம் கவனக் குறைவாக நடந்தார்" என்பது அந்த விதிவிலக்குகளில் இல்லை.

நம் உறுப்பினரின் விஷயத்திலும் "அவருடைய கவனக் குறைவு" என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். அவர் வேதனையில் இருந்தார், கைநாட்டு வைக்கத் தயாராகவும் இருந்தார். மாதர் சங்கத் தலைவி போய்த் தடுத்தார். "வலியில இருக்கிறப்ப எதிலயும் கை வைக்காதீங்க அக்கா, சங்கம் வாசிச்சுப் பாக்கட்டும்" என்று சொன்னார். அந்த ஒரு பேச்சுத்தான் வழக்கைக் காப்பாற்றியது.

ஆகவே யாராவது விழுந்தால் உடனே செய்ய வேண்டியவை: தோட்ட வைத்திய உத்தியோகத்தரின் பதிவில் இடம், நேரம், எப்படி விழுந்தார் என்பதை எழுதச் செய்யுங்கள். நிர்வாகத்துக்கு அன்றே எழுத்தில் அறிவித்து ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். தளம் காயுமுன் கைத்தொலைபேசியில் படம் எடுங்கள். மறுநாள் கழுவிவிட்டு "பாசியே இல்லையே" என்று சொன்ன இடங்கள் உண்டு. பார்த்தவர்களின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். வாசிக்காமல் எதிலும் ஒப்பமோ கைநாட்டோ வேண்டாம்.

நம் கோரிக்கைகள்

ஒன்று, ஒவ்வொரு கிளையும் தன் தோட்டத்தில் உள்ள எல்லாப் பாலங்களையும், ஒற்றைப் பலகைப் பாலம் உட்பட, மழை நாளில் நடந்து பார்த்துப் பட்டியல் தயாரிக்க வேண்டும். அதில் மாதர் சங்கத்தினர் கட்டாயம் இருக்க வேண்டும். சுமையோடு நடப்பவர்கள் அவர்கள்தான்.

இரண்டு, புயலுக்குப் பின் கட்டப்படும் ஒவ்வொரு பாலத்துக்கும் ஈரத்தில் வழுக்காத தளம், இரட்டைக் கைபிடி, தண்ணீர் வடியும் வழி ஆகியவை வரைபடத்திலேயே இருக்க வேண்டும். கட்டி முடியும் வரை பாதுகாப்பான மாற்றுவழி வேண்டும். குறிஞ்சாக்கேணி இன்னொரு தடவை நடக்கக்கூடாது.

மூன்று, பாலம் கழுவும் வேலைக்குப் பேர் போட வேண்டும்.

நான்கு, மழை கடுமையாக இருக்கும் காலையில் பாலம் கடந்து வருபவர் பெரட்டுக்குப் பிந்தினால் பேரை வெட்டக்கூடாது. ஓட வைத்துவிட்டு விழுந்தால் கவனக் குறைவு என்று சொல்வது நியாயம் அல்ல.

ஐந்து, அடி தேயாத, பிடிப்புள்ள காலணி வேலைக் கருவியாகக் கணக்கிடப்பட வேண்டும். காலணி கொடுத்துவிட்டோம் என்று பாலத்தை விட்டுவிடவும் கூடாது.

தோழர்களே, அந்தத் தாயைப் போன மாதம் லயத்தில் போய்ப் பார்த்தோம். கம்பு ஊன்றி வாசல் வரை நடக்கிறார். மலைக்குப் போக முடியாது. நட்டஈட்டு வழக்கு ஆணையாளரிடம் இருக்கிறது, அதை நாங்கள் விடப்போவதில்லை. மூத்த மகள் இப்போது அவருடைய இடத்தில் கொழுந்து எடுக்கிறாள், அதே பாலத்தில்தான் போய் வருகிறாள். பாலத்தில் குறுக்குக் கம்பி வைத்து வெல்டிங் செய்துவிட்டார்கள். வேலை முடிய இரண்டு நாள்கூட எடுக்கவில்லை. இரண்டு நாள் வேலைக்காக ஒரு தாயின் இடுப்பு உடைய வேண்டியிருந்தது.

முகாம் முடிந்து இன்றிரவு நாம் மலை ஏறுவோம். ஊருக்குப் போனதும் முதலாவது மழைக்குக் காத்திருங்கள். மழை விட்டதும் தலைவரும் தலைவியும் சேர்ந்து பாலத்துக்குப் போய், குனிந்து தளத்தைக் கையால் தொட்டுப் பாருங்கள். கையில் பாசி ஒட்டினால் அன்றே கடிதம் எழுதுங்கள், பிரதியை நமக்கு அனுப்புங்கள். அடுத்த இதழில் எந்தெந்தத் தோட்டத்தில் பட்டியல் முடிந்தது என்பதை வெளியிடுவோம்.